மூட்டுக் குருத்தெலும்பும் அதைச் சிதைக்கும் நொதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுத் தேய்மானம் என்ற பெயரே நோயைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிடுகிறது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 59.5 கோடிப் பேருக்கு இருந்த இந்நோயில், தேய்வதைவிட வெட்டுப்படுவதும் கரைவதுமே பெரும்பங்கு வகிக்கின்றன. அந்த வேலையைச் செய்பவை நொதிகள் எனப்படும் என்சைம்கள். அவற்றைப் பற்றியும், அவற்றைத் தடுக்க எடுக்கப்பட்ட முயற்சிகளைப் பற்றியும், மருந்துக்கடையில் கிடைக்கும் "என்சைம் மாத்திரை"களைப் பற்றியும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

"ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்கிறார்களே, அது செருப்பு தேய்வதைப் போன்றதுதானா?

பாதிதான் பொருந்தும் உவமை அது. செருப்பு உயிரற்ற பொருள் என்பதால், நடந்த தூரத்துக்கு ஏற்பத் தேய்ந்துகொண்டே போகும். குருத்தெலும்போ உயிருள்ள திசு. அதற்குள் இருக்கும் உயிரணுக்கள் தம்மைச் சுற்றியுள்ள பொருளைத் தாமே சுரந்து கட்டுகின்றன; பழுதானதை நொதிகளைக் கொண்டு வெட்டி அப்புறப்படுத்துவதும் அவையே. கட்டுவதும் வெட்டுவதும் சமமாக இருக்கும்வரை மூட்டு பல பத்தாண்டுகள் தாங்கும். வெட்டும் பக்கம் மிகும்போதுதான் நோய் தொடங்குகிறது. உராய்வு பிற்பாடுதான் வருகிறது: ஏற்கெனவே நொதிகளால் வலுவிழந்த பரப்புதான் உராய்ந்து உதிர்கிறது.

பெயரால் வரும் இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எலும்பில் சுண்ணச்சத்து குறைந்து அது மெலிவது வேறு நோய். மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு சிதைவதே இங்கே பேசப்படும் நோய். ஆகவே கால்சியம் மாத்திரை இதற்கு மருந்தாகாது.

குருத்தெலும்பு எதனால் ஆனது?

பெரும்பகுதி நீரால் ஆனது. எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நீரே. எஞ்சியதில் முக்கியமானவை இரண்டு: இரண்டாம் வகைக் கொலாஜன் என்னும் இழைப்புரதமும், அக்ரிகான் என்னும் மாபெரும் மூலக்கூறும். அக்ரிகானின் புரதத் தண்டிலிருந்து நூறு வரையிலான காண்ட்ராய்ட்டின் சல்பேட் சங்கிலிகள் தூரிகையின் மயிர்களைப் போலக் கிளைத்து நிற்கின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட அச்சங்கிலிகள் நீரை இழுத்து வைத்துக்கொண்டு உப்ப முயல்கின்றன. கொலாஜன் வலை அந்த உப்பலை இறுக்கிப் பிடித்து வைக்கிறது. வலைக்குள் திணித்த ஈரப் பஞ்சு என்று இதைக் கற்பனை செய்துகொண்டால், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலம் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குவது எப்படி என்பது விளங்கும்.

இத்திசுவில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. நரம்பில்லாததால் சிதைவு தொடங்கிய காலத்தில் வலி தெரிவதில்லை. குழாயில்லாததால் பழுதுபார்க்கும் பொருள்கள் வந்து சேர்வதும் அரிது. சிதைந்த குருத்தெலும்பு மீண்டும் சீராவதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743-லேயே பதிவு செய்துவிட்டார்.

இதை வெட்டும் நொதிகள் எவை?

அக்ரிகானை வெட்டுபவை, கொலாஜனை வெட்டுபவை என்று இரண்டு பிரிவுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டுமே துத்தநாக அயனியை வெட்டுமுனையாகக் கொண்டவை.

முதற்பிரிவில் ஆடம்ட்ஸ்-4, ஆடம்ட்ஸ்-5 என்னும் அக்ரிகானேஸ்கள் உள்ளன. 1999-இல் இனங்காணப்பட்ட இவை, அக்ரிகானின் தண்டில் 373-ஆவது இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலத்துக்கும் 374-ஆவது இடத்திலுள்ள அலனினுக்கும் நடுவே துல்லியமாக வெட்டுகின்றன. வெட்டு விழுந்ததும் நீரைப் பிடித்து வைத்திருக்கும் சங்கிலிகள் நிறைந்த பகுதி கழன்று மூட்டு நீரோடு போய்விடுகிறது. பஞ்சு குறைந்த மெத்தை எப்படி அமுங்குமோ அப்படிக் குருத்தெலும்பு அமுங்கத் தொடங்குகிறது.

இரண்டாம் பிரிவு, மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ் (சுருக்கமாக எம்எம்பி) என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்த கொலாஜனேஸ்கள். அவற்றுள் மூட்டுத் தேய்மானத்தில் முதன்மையானது எம்எம்பி-13. கொலாஜனின் மூன்று இழைகளும் கயிறுபோல் இறுக முறுக்கப்பட்டிருப்பதால் சாதாரணப் புரதச் சிதைப்பு நொதிகளால் அதைக் கடிக்க முடியாது. கொலாஜனேஸ் அந்த முறுக்கை ஓரிடத்தில் மட்டும் தளர்த்தி, ஒவ்வோர் இழையாக அறுக்கிறது. முழு மூலக்கூறு முக்கால், கால் என்ற அளவில் இரண்டு துண்டுகளாகிறது. உடலின் வெப்பநிலையிலேயே அத்துண்டுகள் முறுக்கவிழ்ந்து ஜெலட்டினாகிவிடுவதால், எம்எம்பி-2, எம்எம்பி-9 போன்ற பிற நொதிகள் அவற்றை எளிதில் தின்றுவிடுகின்றன. எம்எம்பி-3 என்பது மேலும் ஒரு வேலையைச் செய்கிறது: உறங்கும் நிலையில் சுரக்கப்படும் பிற எம்எம்பி நொதிகளின் முன்பகுதியை வெட்டி அவற்றை விழிக்கச் செய்கிறது.

இந்த வரிசை முக்கியமானது. அக்ரிகான் இழப்பு முன்னால் நிகழ்கிறது. அதை உயிரணுக்கள் ஓரளவு மீண்டும் நிரப்பிக்கொள்ள முடியும். கொலாஜன் வலை அறுந்தால் அப்படி நிரப்ப இயலாது, ஏனெனில் வளர்ந்த மனிதரின் மூட்டில் கொலாஜன் புதுப்பிக்கப்படும் வேகம் மிகக் குறைவு. அதன் அரையாயுள், அதாவது இருப்பதில் பாதி புதுப்பிக்கப்பட ஆகும் காலம், நூறு ஆண்டுக்கும் மேல் என்று கணித்திருக்கிறார்கள். மனித வாழ்நாளைவிட நீண்ட ஆயுள் கொண்ட ஒரு வலையை ஒரு நொதி சில ஆண்டுகளில் அறுத்துவிடுவதுதான் இந்நோயின் கொடுமை.

நம் உடலே ஏன் இப்படிப்பட்ட நொதிகளைச் சுரக்கிறது?

ஏனெனில் அவை இல்லாமல் உடல் வளரவும் முடியாது, ஆறவும் முடியாது. விலங்குகளில் கொலாஜனேஸ் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் நோயுற்ற மூட்டல்ல, தலைப்பிரட்டையின் வால். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எங்கே போகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் 1962-இல் இதைக் கண்டறிந்தார்கள். குழந்தைகளின் எலும்பு நீளும்போது வளர்ச்சித் தட்டிலுள்ள குருத்தெலும்பை நீக்கி எலும்புக்கு இடம் விடுவதும் எம்எம்பி-13-இன் பணியே. நோயில் அதே வேலை தேவையற்ற இடத்தில், தேவையற்ற வயதில் நடக்கிறது.

உடலிடம் கடிவாளமும் உண்டு. டிம்ப் எனப்படும் நான்கு தடுப்புப் புரதங்கள் இந்நொதிகளின் வாயை அடைக்கின்றன. அவற்றுள் மூன்றாவது, அக்ரிகானேஸ்களையும் அடக்க வல்லது. இதைத் தவிர, உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள எல்ஆர்பி-1 என்னும் ஏற்பி, சுரக்கப்பட்ட ஆடம்ட்ஸ்-5-ஐயும் எம்எம்பி-13-ஐயும் உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. மூட்டு நோயுறும்போது இந்த ஏற்பிகள் குறைவதால், நொதி அதிகமாகச் சுரக்காவிட்டாலும்கூட அது வெளியே தங்கும் நேரம் நீள்கிறது.

சமநிலை எதனால் கெடுகிறது?

ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுந்துபோதல், சவ்வு வட்டு கிழிதல் போன்ற காயங்கள் இளம் வயதிலேயே நொதிகளின் அளவைக் கூட்டி, பத்து இருபது ஆண்டுகளில் நோயைக் கொண்டுவரலாம். முதுமையில், பிரிவதை நிறுத்திவிட்ட முதிய உயிரணுக்கள் அழற்சிப் பொருள்களையும் எம்எம்பி நொதிகளையும் கசியவிடுகின்றன. உடற்பருமன் இரண்டு வழிகளில் கெடுக்கிறது: சுமையால் ஒன்று, கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சித் தூதுப்பொருள்களால் மற்றொன்று. உடல் எடையைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவது இரண்டாவது வழிக்குச் சான்று.

ஒருமுறை தொடங்கிய சிதைவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வதும் உண்டு. உயிரணுக்களைச் சுற்றியுள்ள பொருளோடு பிணைக்கும் ஃபைப்ரோநெக்டின் என்னும் புரதத்தின் வெட்டுப்பட்ட துண்டுகளும், மூடாக்கு நீங்கி வெளித்தெரியும் கொலாஜன் இழைகளும் உயிரணுக்களைத் தூண்டி மேலும் எம்எம்பி-13-ஐச் சுரக்க வைக்கின்றன. மூட்டின் உட்சவ்வு அத்துண்டுகளால் உறுத்தப்பட்டு வீங்கி, இன்டர்லூக்கின்-1 போன்ற தூதுப்பொருள்களை அனுப்புகிறது; அவற்றின் கட்டளையும் அதே நொதிகளைச் சுரக்கச் சொல்வதுதான்.

ஒரு நொதி குருத்தெலும்பைச் சிதைக்கும் என்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், அதுவும் எதிர்பாராமல். லூயிஸ் தாமஸ் என்னும் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் பப்பேன் என்ற நொதியை வேறொரு நோக்கத்தில் முயல்களின் இரத்தத்தில் செலுத்தினார். சில மணி நேரத்துக்குள் நிமிர்ந்து நின்ற காதுகள் தொங்கிவிட்டன. சில நாள்களில் அவை தாமாகவே மீண்டும் நிமிர்ந்தன. முயலின் காதுக் குருத்தெலும்பில் கொலாஜனைத் தொடாமல் நீர்பிடிக்கும் பொருள் மட்டும் கரைந்து வெளியேறியிருந்தது. உயிரணுக்கள் அதை மீண்டும் சுரந்து நிரப்பிவிட்டன. 1956-இல் வெளியான அக்கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது: கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட முயல்களின் காதுகள் நிமிரவில்லை. இந்தச் செய்தி கீழே ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

குற்றவாளி யாரென்று தெரிந்த பிறகு அதைத் தடுக்கும் மருந்து ஏன் இன்னும் இல்லை?

இப்பக்கத்தின் மையக் கேள்வி இதுதான். சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் எல்லாம் நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தது. ஆடம்ட்ஸ்-5 செயலிழக்கச் செய்யப்பட்ட எலிகளின் குருத்தெலும்பு பெருமளவு காப்பாற்றப்பட்டதை 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின: ஒரு குழு முழங்காலை அறுவை மூலம் நிலைகுலையச் செய்தது, மற்றொன்று மூட்டில் அழற்சியைத் தூண்டியது. எம்எம்பி-13 இல்லாத எலிகளில் அக்ரிகான் இழப்பு நிற்காவிட்டாலும் குருத்தெலும்பு அரிக்கப்படுவது குறைந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரில்தான் கணக்கு தப்பியது.

முதல் இடறல், பல எம்எம்பி நொதிகளை ஒருசேரத் தடுக்கும் மருந்துகளால் வந்தது. புற்றுநோய்க்காகச் சோதிக்கப்பட்ட மாரிமாஸ்டாட் மூட்டு வலியையும் தசைநார் இறுக்கத்தையும் கொண்டுவந்தது. மூட்டுத் தேய்மானத்துக்கென்றே உருவாக்கப்பட்ட பிஜி-116800 என்ற மருந்து 401 பேரிடம் ஓராண்டு சோதிக்கப்பட்டு, 2007-இல் முடிவு வெளியானது: பயன் தெளிவாகத் தெரியவில்லை, தோள் இறுக்கம், உள்ளங்கைத் தசைநார் சுருக்கம் போன்ற கேடுகள் மட்டும் அளவுக்கேற்பக் கூடின. மூட்டு நோய்க்கான மருந்து மூட்டையே இறுக்கிவிட்டதில் வியப்பில்லை. தசைநார்களில் அன்றாடம் சேரும் பழைய கொலாஜனை நீக்குவதும் இந்த நொதிக் குடும்பம்தான்.

இரண்டாவது, டாக்சிசைக்ளின். நுண்ணுயிர்க்கொல்லியான இது எம்எம்பி நொதிகளையும் ஓரளவு தடுக்கும். பருமனான 431 பெண்களிடம் 30 மாதங்கள் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், நோயுற்ற முழங்காலில் மூட்டு இடைவெளி (எக்ஸ்-ரேயில் குருத்தெலும்பின் தடிமனை உணர்த்துவது) குறையும் வேகம் சுமார் 33 விழுக்காடு தணிந்தது. ஆனால் சராசரி வலி குறையவில்லை. பின்னர் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தவர்கள், கிடைக்கும் சிறு பயனைவிடப் பக்கவிளைவுகளே மிகுதி என்று முடிவு செய்தார்கள்.

மூன்றாவது முயற்சி குறிபார்த்து எய்த அம்பு. ஆடம்ட்ஸ்-5-ஐ மட்டும் தடுக்கும் ஆல்டுமாஸ்டாட் என்னும் மாத்திரை, இரத்தத்தில் மிதக்கும் அக்ரிகான் துண்டுகளை நன்றாகவே குறைத்தது. அதாவது மருந்து தன் இலக்கை அடைந்தது. இருந்தும் 932 பேரிடம் 52 வாரங்கள் நடந்த ஆய்வில் குருத்தெலும்பின் தடிமன் குறைவதை அது தடுக்கவில்லை என்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கும் கதெப்சின் கே என்ற நொதியைத் தடுக்கும் எம்ஐவி-711 நேர்மாறான முடிவைத் தந்தது: 244 பேரிடம் 26 வாரங்களில் எலும்பு மாற்றமும் குருத்தெலும்பு இழப்பும் குறைந்தன, வலி மட்டும் அப்படியே இருந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் விளக்கம் இது. எலியின் மூட்டில் காயம் ஏற்பட்ட நாளிலிருந்தே நொதி இல்லை. மனிதரோ எக்ஸ்-ரே படத்தில் மாற்றம் தெரிந்த பிறகே ஆய்வில் சேர்க்கப்படுகிறார், அதற்குள் கொலாஜன் வலை அறுந்துவிட்டிருக்கும். மேலும், வலி குருத்தெலும்பிலிருந்து வருவதில்லை. எலும்பு, உட்சவ்வு, மூட்டு உறை ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஆகவே நொதியைத் தடுப்பதும் வலியைத் தணிப்பதும் ஒன்றல்ல.

வலி மாத்திரைகள் இந்நொதிகளைத் தடுக்கின்றனவா?

அவையும் ஒரு நொதியைத்தான் தடுக்கின்றன, ஆனால் அது வேறொன்று. டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென், நாப்ராக்சன் முதலிய மருந்துகள் சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதியைத் தடுத்து, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின்கள் உருவாவதைக் குறைக்கின்றன. இதை 1971-இல் கண்டறிந்த ஜான் வேன் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குருத்தெலும்பு வெட்டப்படுவது இம்மருந்துகளால் நிற்பதாக நிறுவப்படவில்லை.

இங்கும் ஒரு நொதி பல இடங்களில் வேலை செய்வதன் விலையைக் காணலாம். இந்நொதியின் முதல் வகை வயிற்றின் உட்பரப்பைக் காக்கிறது. அதையும் தடுத்தால் புண் வருகிறது. இரண்டாம் வகையை மட்டும் தடுக்கும் ரோஃபிகாக்சிப், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டியதால் 2004-இல் உலகெங்கும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. முழங்கால் வலிக்கு மாத்திரைக்கு முன்பு மேலே தடவும் களிம்பைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுவே: களிம்பிலிருந்து இரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறு, இதயநோய், வயிற்றுப்புண் உள்ளவர்கள் இம்மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது.

ஸ்டீராய்டு ஊசி நொதிகளை அடக்குமா?

அழற்சிக் கட்டளைகளை அடக்குவதன் மூலம் எம்எம்பி சுரப்பையும் குறைக்கும்; சில வாரங்களுக்கு வலி தணிவதும் உண்மை. ஆனால் அதே மருந்து உயிரணுக்கள் புதிதாகக் கட்டுவதையும் தடுக்கிறது, முயல்களின் காதுகள் நிமிராமற்போனதைப் போல. 140 பேரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டாண்டுகள் டிரையாம்சினோலோன் ஊசி போட்டுப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி பெற்றவர்களின் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டரும், வெறும் உப்புநீர் பெற்றவர்களுடையது 0.10 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. வலியில் வேறுபாடு இல்லை. வீங்கிக் கிடக்கும் மூட்டைத் தற்காலிகமாக அமர்த்த எப்போதாவது ஓர் ஊசி போடுவது வேறு, நாள்காட்டி பார்த்துப் போட்டுக்கொண்டே இருப்பது வேறு.

மருந்துக்கடையில் தரும் "என்சைம் மாத்திரை" குருத்தெலும்பை மேலும் கரைத்துவிடாதா?

இந்த அச்சம் இயல்பானதே, ஆனால் தேவையற்றது. செர்ராட்டியோபெப்டிடேஸ், டிரிப்சின், புரோமலைன் முதலியவை புரதம் சிதைக்கும் நொதிகள்தான் என்றாலும், விழுங்கிய பிறகு மூட்டுக்குச் சென்று குருத்தெலும்பை வெட்டும் அளவில் அவை இரத்தத்தில் சேர்வதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அவை பயன் தருமா என்பதே. செர்ராட்டியோபெப்டிடேஸை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த ஜப்பானிய நிறுவனம், மருந்தற்ற போலி மாத்திரையைவிட அது மேலானதென்று மறு ஆய்வில் நிறுவ முடியாததால் 2011-இல் தானே அதை விலக்கிக்கொண்டது. புரோமலைன், டிரிப்சின், ருட்டின் சேர்ந்த கலவை சிறு ஆய்வுகளில் டைக்ளோஃபினாக்குக்கு இணையாக வலியைக் குறைத்ததுண்டு. அது வலியைப் பற்றிய முடிவு மட்டுமே, குருத்தெலும்பைக் காப்பதாகக் காட்டவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

குளூக்கோசமைன், காண்ட்ராய்ட்டின்?

இழந்த பொருளையே உண்டால் ஈடாகிவிடும் என்ற எண்ணம் கவர்ச்சியானது. 1,583 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மொத்தத்தில் இவை போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக இல்லை. முழங்கால் நோய்க்கு இவை வேண்டாம் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டல் அழுத்தமாகவே கூறுகிறது.

நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. நடக்கலாமா?

நடக்கலாம், நடக்கவும் வேண்டும். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லாததால், அமுங்கி விரியும்போது உள்ளே வெளியே செல்லும் நீரோட்டமே அதற்கு உணவு. மிதமாகவும் சீராகவும் அழுத்தப்படும் குருத்தெலும்பு உயிரணுக்கள், அழற்சிக் கட்டளை வந்தபோதும் எம்எம்பி நொதிகளைக் குறைவாகவே சுரப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அளவுக்கு மீறிய அழுத்தம் அதே உயிரணுக்களை எதிர்த்திசையில் தூண்டுகிறது. அசையாமல் கட்டிப்போட்ட மூட்டிலும் குருத்தெலும்பு மெலிகிறது. நூறு முறை முழங்காலை மடக்கி நீட்டினால் சற்றே அமுங்கும் படலம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓய்வெடுத்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சி, மூட்டின் மேல் விழும் அதிர்ச்சியைத் தசைக்கு மாற்றித் தருகிறது.

எடைக் குறைப்பும் அதே கணக்கில் சேரும். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்பது 2005-இல் அளந்து காட்டப்பட்டது. செமாகுளூட்டைடு ஊசியால் எடை குறைந்தவர்களைப் பற்றி 2024-இல் வெளியான ஆய்வில், 407 பேர் 68 வாரங்கள் கவனிக்கப்பட்டார்கள். மருந்து பெற்றவர்களின் எடை 13.7 விழுக்காடு குறைந்தது. நூறு புள்ளி அளவுகோலில் அவர்களின் வலி மதிப்பெண் 41.7 குறைய, மருந்தற்ற ஊசி பெற்றவர்களுக்கு 27.5 மட்டுமே குறைந்தது. குருத்தெலும்பை வெட்டும் நொதியை நேரடியாகக் குறிவைத்த எந்த மாத்திரையும் வலியில் இவ்வளவு வேறுபாட்டைக் காட்டியதில்லை.

நொதிகளின் வேகத்தை இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாமா?

வெட்டுப்பட்ட கொலாஜனின் வால்துண்டாகிய சிடிஎக்ஸ்-2-ஐச் சிறுநீரிலும், அக்ரிகான் துண்டுகளை இரத்தத்திலும் மூட்டு நீரிலும் அளக்க முடியும். மருந்து ஆய்வுகளில் இவை பயன்படுகின்றன. தனி ஒருவரின் முழங்காலைப் பற்றி முடிவெடுக்க இவை உதவாது. சிறுநீரில் வரும் துண்டு எந்த மூட்டிலிருந்து வந்ததென்று சொல்ல வழியில்லை.

கரைந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்க முடியுமா?

வெட்டுவதைத் தடுப்பதற்கு மாறாகக் கட்டுவதைத் தூண்டும் வழி, ஸ்பிரிஃபெர்மின் என்னும் வளர்ச்சிக் காரணி ஊசியில் சோதிக்கப்பட்டது. 549 பேர் பங்கேற்று 2019-இல் வெளியான ஆய்வில், உயர்ந்த அளவு மருந்து பெற்றவர்களின் குருத்தெலும்பு இரண்டாண்டுகளில், மருந்து பெறாதவர்களோடு ஒப்பிடும்போது, 0.05 மில்லிமீட்டர் கூடியிருந்தது. வலியிலும் நடமாட்டத்திலும் வேறுபாடு தெரியவில்லை. ஒரு தாளின் தடிமனைவிடக் குறைவான அந்த வளர்ச்சி, சிதைவைத் திசை திருப்ப முடியும் என்பதற்குச் சான்று. இன்று வலியோடு இருப்பவருக்கு அது சிகிச்சையாகவில்லை. அவருக்கு இப்போது கைவசம் உள்ளவை பயிற்சியும் எடைக் குறைப்பும் களிம்பும் அளவான வலி மருந்துமே. அவற்றால் தீராமல் இரவுத் தூக்கமும் அன்றாட நடமாட்டமும் கெடுமானால், நொதிகள் சிதைத்த பரப்பையே அகற்றி உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தும் மூட்டு மாற்று அறுவையைப் பற்றி எலும்பு மூட்டு மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது.